மலையிடுக்கில் ஆறு பேர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டு மேஜையில், என் கண் முன்னால், நான் முழுப் புத்தியோடு இருந்தபோது நடந்தது இது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் ஒரு கிறுக்கு உண்டு. சுண்டுவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டுவோம். தெர்மாகோலில் மலை வெட்டி மேஜைமேல் ஒட்டி, இரண்டு படைகளையும் மோதவிடுவோம். டேப்பால் அளந்துதான் நகர்த்த வேண்டும். யார் விழுவது என்று பகடை சொல்லும். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை விளையாட்டு" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். நாங்கள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

மச்சானுக்குச் சுரங்கப்பாதையில் எலக்ட்ரீஷியன் வேலை. மலையைக் குடைந்து ரயில் விடப் போகும் இடம். லீவு முடிந்து அவன் கிளம்பியபோது ஆட்டம் பாதியில் நின்றது. அவனுடைய சிவப்புச் சட்டைக்காரர்கள் மலையிடுக்கில் வசமாக மாட்டியிருந்தார்கள். மிச்சம் ஆறே பேர். வெளியே வரும் வாயை என் குதிரைப்படை அடைத்து நின்றது. முன்னால் நிற்கும் தளபதிக்கு அவன் தன் முகத்தையே தீட்டியிருந்தான், புருவத் தழும்பு உட்பட.

"அடுத்த லீவுல வந்து உங்களை நார் நாராக் கிழிக்கிறேன் பாருங்க மாமா."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பஸ்ஸை விட்டுடாத, கிளம்பு."

எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் பிள்ளை. இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சுரங்கம் இடிந்தது. என் மனைவி போட்ட செருப்போடு ஓடினாள். நான் இரண்டு நாள் முன்புதான் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். கூடப் போக வழியில்லை. மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மழை.

சரியாக 6.40க்கு அவள் பேசினாள்.

"என்னங்க... உள்ள ஆறு பேராம். தம்பியும் இருக்கான். தண்ணி ஏறுதாம்."

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"குழாய் ஒண்ணு உள்ள விட்டிருக்காங்க. பாக்கலாங்கறாங்க..."

ஆறு பேர். என் கண் தானாக மேஜைக்குப் போனது. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டேன். குனிந்து பார்த்தேன். சிவப்புச் சட்டைக்காரர்களின் கால்கள் ஈரமாக இருந்தன. கூரை ஒழுகவில்லை. மற்ற பொம்மைகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. விரலால் துடைத்து முகர்ந்தேன். டீசல் வாடை. கூடவே ஈரமண்...

டக்.

வரிசையில் கடைசி ஆள் சாய்ந்துவிட்டான். நிமிர்த்தி வைத்தேன். கையை எடுத்தேன். டக். மறுபடி நிமிர்த்தினேன். டக்.

போன் அடித்தது.

"குழாய் வழியா குரல் வந்துச்சாம். ஒருத்தர் போய்ட்டாராம்ங்க." அழுதாள். "நம்ம தம்பி இல்ல... நம்ம தம்பி இல்ல..."



சர்ர்...

மேஜைமேல் எதையோ இழுப்பது போன்ற சத்தம். தலையைத் தூக்கினேன். மிச்சம் ஐந்து பேரும் முன்னால் வந்திருந்தார்கள். டேப்பை எடுத்து அளந்தேன். ஆறு அங்குலம். ஒரு முறைக்கு எங்கள் ஆட்டத்தில் எவ்வளவு நகரலாமோ, அவ்வளவு.

எதிரே என் குதிரைகள். அடைத்துக்கொண்டு...

யோசிக்கவில்லை. முழங்கையால் என் படையை மொத்தமாகத் தள்ளினேன். ராத்திரி பகலாக வண்ணம் தீட்டிய குதிரைகள் தரையில் சிதறின. "போடா மச்சான்! நீயே ஜெயிச்சுக்க! வெளிய வாடா!" என்று கத்தினேன்.

சர்ர்... சர்ர்...

மறுபடி போன். அவள் குரலே மாறியிருந்தது.

"வழி கெடச்சிடுச்சாம்ங்க! நடந்து வர்றாங்களாம். தம்பிதான் டார்ச் புடிச்சு முன்னால கூட்டிட்டு வர்றானாம்!"

வாய்விட்டு அழுதேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கிறீச்...

தெர்மாகோல் பிளக்கும் சத்தம். மச்சானின் தலைக்கு நேர் மேலே மலைமுகடு சாய்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. வெள்ளையாக ஒரு விரிசல்.

கட்டுக்காலோடு மேஜைமேல் பாய்ந்தேன். இரண்டு விரலால் அவன் இடுப்பைப் பிடித்தேன்.

தூக்கிவிட்டேன்.

நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். "வந்துட்டடா. மாமாகிட்ட வந்துட்டடா."

மலை விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். விரிசலே இல்லை. நாங்கள் ஒட்டியபடியே நின்றது.

நாலு பேர் இடுக்கின் வாயில் நின்றார்கள். முன்னால் வெற்றிடம்.

எங்கள் ஆட்டத்தில் மேஜையை விட்டுக் கையில் எடுத்த ஆள்... செத்த ஆள்.

இத்தனை வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அவசரமாகத் திருப்பி வைத்தேன். விழுந்தான். பிடித்துக்கொண்டே இருந்தேன். விட்டதும் விழுந்தான்.

போன் அடித்தது. எடுக்கவில்லை.

நாலு பேர் உயிரோடு வந்தார்கள். முதலில் இறந்தவரின் உடலை மறுநாள் எடுத்தார்கள். மச்சானை வாரக்கணக்கில் தேடினார்கள். தண்ணீர் இறைத்தார்கள், மண்ணைச் சலித்தார்கள். ஒரு ஷூ கூடக் கிடைக்கவில்லை.

காலில் கட்டுப் பிரித்த பிறகு, தப்பி வந்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாறையில் துளை போடுகிறவர். மச்சானுக்கு அடுத்து நடந்து வந்தது அவர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர், கொடுத்த தண்ணீரைத் தொடவே இல்லை.

"அவர் தோள்ல கை வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வெளி வெளிச்சம்கூடத் தெரிஞ்சிடுச்சுங்க. திடீர்னு டார்ச் கீழ விழுந்துச்சு. பாத்தா... அவர் மேல போறாரு. யாரோ இடுப்பப் புடிச்சுத் தூக்கின மாதிரி. காலை உதைக்கிறாரு. கையை நீட்டினா தட்டுற கூரைங்க அது. முழுக்கப் பாறை. அதுக்குள்ளயே போய்ட்டாரு. போலீஸ்ல சொன்னேன், பயத்துல உளர்றேன்னு எழுதிக்கிட்டாங்க."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி ஏதாவது சொன்னானா?"

"கத்திக்கிட்டே போனாருங்க. 'மாமா, கீழ விடுங்க... கீழ விடுங்க'ன்னு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க அந்த மாமா?"

என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.