ஒரு தூணுக்கான இடம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், எங்கள் லீக்ஸ் பாத்திக்கு நடுவே, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சீமெந்துத் தூண் நட்டேன். அதற்குத்தான் அவ்வளவு ரகளை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது.

எனக்கு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. பகலெல்லாம் கலியாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகளின் முகப்பருவை அழிப்பேன். லிந்துலையில் வீட்டுக்கு வந்தால் வானத்தைப் படமெடுப்பேன். தொலைநோக்கி பழையது, கொழும்பில் ஒருவர் விற்றது. வானம் நகர நகர அதுவும் மோட்டாரில் கூடவே நகர வேண்டும். அதற்கு முதலில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். எங்கள் பக்கம் அந்த நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டித்தான் கிடக்கும். அதையும் எதிர்மலை மறைத்துவிடும். முக்காலியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறித் திசை பிடிப்பதற்குள் பனிமூட்டம் ஏறிவந்துவிடும். இரண்டு வருடத்துத் தையும் மாசியும் இப்படியே வீணாய்ப் போயின. அசையாத தூண் இருந்தால், ஒரு தடவை திசை பிடித்தால் போதும்.

தூண் காய்வதற்குள் அம்மா தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். கொழுந்து பறித்தே காலம் கழித்தவள். கூரைத் தகரம் மாற்றினாலும் கோழிக்கூடு போட்டாலும் தோட்டத்தில் சொல்லாமல் செய்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒன்னைய யாரும்மா போய்ச் சொல்லச் சொன்னா?"

"சொல்லாம எப்புடி புள்ள? நாளைக்கு வந்து கேட்டா?"

"என்ன சொன்னாங்க?"

"எழுதிக் குடுங்க, யோசிச்சுச் சொல்றோம்னாங்க. எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அவர்கள் யோசித்த லட்சணம், அந்த வாரமே கணக்குப்பிள்ளை வந்து பாத்தியில் நின்றார்.

"சீமெந்து போடக் கூடாதுன்னு தெரியாதா? இன்னைக்குத் தூணு, நாளைக்குச் செவரு."

"வீடு கட்டலீங்க. நட்சத்திரத்தப் படம் புடிக்க."

"நட்சத்திரத்த எங்க நின்னு வேணும்னாலும் புடி. எடம் தோட்டத்தோடது. சனிக்கிழமைக்குள்ள ஒடைச்சிரணும்."

என் பாட்டன் பூட்டன் எல்லாரும் இந்த மலைக்குத்தான் உரமாகிக் கிடக்கிறார்கள். ஒரு தூண் நட எனக்கு இடமில்லையாம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. மூட்டம் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. தொலைநோக்கியைத் தூண்மேல் ஏற்றித் திசை பிடித்தேன். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே வெறும் கண்ணுக்குப் புகை மாதிரி தெரியும் நெபுலா, படத்தில் ரோஜா நிறத்தில் விரிந்து வந்தது. ஒரு நட்சத்திரம்கூடக் கோடாய் இழுபடவில்லை. சந்தோஷப்பட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த படம் அது.

மறுநாள் எங்கள் லயத்து ஆட்கள் இரண்டு பேரையே இரும்பு அலவாங்கோடு அனுப்பினார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இடித்தார்கள். இடித்து முடித்ததும் அம்மா அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு அலவாங்கைவிட அந்தப் பிளேன்டீயின் மேல்தான் ஆத்திரம். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

படத்தை முகநூலில் போட்டிருந்தேன். அது எப்படியோ சுற்றித் தோட்டத்துத் துரையின் கண்ணிலும் பட்டிருக்கிறது. மறுபடியும் கணக்குப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை வாசலில், பல்லெல்லாம் தெரிய.

"தொரைக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. பங்களா ஹால்ல மாட்ட பெருசா ஒண்ணு போட்டுத் தரச் சொன்னாரு. கீழ நம்ம தோட்டத்துப் பேரையும் போடணுமாம்."

திட்டத்தான் வாயெடுத்தேன், கெட்ட வார்த்தை ஒன்றும் நேரத்துக்கு வரவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு வழக்கமாகப் போடும் நாற்காலியைப் போடவில்லை.

"தொரைய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க," என்றாள். "நாங்க யோசிச்சுச் சொல்றோம்."