மந்தைவெளியில் புல் எண்ணப் போனேன்

என் உத்தியோகம் புல் எண்ணுவது. பி.வி.சி. பைப்பில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று உண்டு, குவாட்ராட் என்போம். அதைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை வகைச் செடிகள் என்று குனிந்து பார்த்து எழுத வேண்டும். மாடு இதை என்னைவிட வேகமாகச் செய்யும். அதற்கு இடுப்பு வலியும் கிடையாது.

மந்தைவெளியில் ஒரு காலனிக்குப் பின்னால் காலி இடம். அங்கே கார் பார்க்கிங் வரப்போவதாகப் பேச்சு. காலனி செகரெட்டரி மாமா ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். அந்தப் பச்சையைப் பார்த்தபடிதான் அவருக்குக் காலைக் காபியே இறங்கும். "இங்கே என்னென்னமோ முளைக்கறது, வந்து எண்ணுங்கோ" என்று எங்கள் ஆபீசுக்கு எழுதினார். வகை நிறைய இருந்தால் இடம் தப்பிக்கலாம். தேதி கொடுத்தோம்.

போய் இறங்கினால் புல்லே இல்லை. மொட்டைத் தரை. ஓரத்தில் கோலம், நாற்காலி, மாமா கையில் எனக்கு ஒரு மாலை.

"நீங்க வரேள்னு நேத்தே ஆள் வெச்சு நறுவிசா வழிச்சுட்டேன். காடு மாதிரி இருந்தா அசிங்கமா இருக்காதோ?"

"மாமா, அந்தக் காட்டைத்தான் எண்ண வந்தேன்."

மாலை பாதி வழியில் நின்றது. புல்வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை சிரித்தார்.

"நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு வெட்றதுன்னு அப்பவே கேட்டேன் சார். இப்போ அல்லாம் மாட்டு வயித்துல கீது. அதாண்ட போய் எண்ணிக்கோ."

"நீ சும்மா இருப்பா. சார், இப்போ என்ன எழுதுவேள்?" மாமா மாலையை நாற்காலியில் வைத்தார்.

'ஒன்றுமில்லை' என்று எழுதினால், பார்க்கிங்குக்கு நானே பூமி பூஜை போட்ட மாதிரி.

"வேர் இருக்கு, மழையும் வருது. அடுத்த மாசம் வரேன். அதுவரைக்கும் யாரும் கத்தி வைக்காதீங்க."

அடுத்த மாதம் கோரை, நெருஞ்சி, குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் தலைகாட்டியிருந்தன. நடுவே வரிசையாக ரோஜா, குரோட்டன்ஸ், ஒரு வாழைக்கன்று.

"எண்ணிக்கை குறையப்படாதோல்லியோ? நர்சரிலேர்ந்து வாங்கிண்டு வந்து நட்டேன்."

"நட்டது கணக்குல வராது மாமா."

"வாழை கூடவா?"

"வாழை கூட."

"அதுக்கு மட்டும் ஒரு கிரேஸ் மார்க்?"

ரோஜா முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு எண்ணினேன். நட்டதைத் தள்ளியும் பட்டியல் தாளின் பின்பக்கம் வரை போனது. பார்க்கிங்கை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வாழைதான் காப்பாற்றியது என்று மாமா தெரு முழுக்கச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ஃபீல்டுக்குப் போகும் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். இன்கம்டாக்ஸ் ரெய்டு மாதிரி போய் இறங்குங்கள். மரியாதை வந்து சேர்வதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும்.