சுண்ணாம்பு ஊசி

“மோட்டார நிப்பாட்டுங்க. ஃபேனயும் நிப்பாட்டுங்க. குறுக்க யாரும் நடக்கப்பிடாது.”

சாயா குடிக்கிறீர்களா என்று கேட்ட வீட்டுக்காரருக்கு இர்ஷாதா தந்த பதில் இது. அதற்குள் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கண்ணாடி மீன்தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். முக்காட்டு நுனியைக் கழுத்தோடு செருகிக்கொண்டு, மூச்சு கண்ணாடியில் படியாத தூரத்தில் முகத்தை வைத்து, உள்ளே இருக்கும் பாறையின் இடது ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்குகிறார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். பிறகு கைவிளக்கைப் பிடித்துப் பாறையின் முதுகுப்புறம். இருபது நிமிடம் ஆகும். அதுவரை வீட்டில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

அந்த ஸ்டூலில் வேறு யாரும் உட்காரக்கூடாது. எந்த வீட்டிலும் அங்கே இருக்கும் நாற்காலியில் அவர் உட்காருவதும் இல்லை. ஒரு வீட்டுக் குழந்தை ஸ்டூல்மேல் ஏறி நின்று கண்ணாடியைத் தட்டியதிலிருந்து இந்தச் சட்டம். தட்டிய குழந்தையைவிட, அதை ஃபோனில் படம் பிடித்த தகப்பன்மேல்தான் அவருக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

இர்ஷாதாவுக்கு வயது நாற்பத்து நாலு. குளச்சல்காரர். கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் பதினெட்டு இடங்களுக்குப் போய்வருகிறார். பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கட்டிய வீடுகள். நெய்யூர் பக்கம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையும் உண்டு. அந்த மருத்துவர் மீனுக்கு இட்லி பிய்த்துப் போடுகிறவர். “பல்லுக்குப் படிச்சவருக்கு வாயி எதுக்கு இருக்குன்னு தெரியல்ல பாத்துக்கிடுங்க” என்று இர்ஷாதா அவரிடமே சொல்லியிருக்கிறார். இர்ஷாதாவின் வேலை அலங்காரம் அல்ல, களையெடுப்பு. அந்தக் களை செடி இனமும் அல்ல.

கண்ணாடி அனிமோன் என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் அந்த உயிர், கடையில் வாங்கும் கடற்பாறையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். உள்ளே விளக்கு வைத்ததுபோல் வெளிறிய பழுப்புத் தண்டு. தலையைச் சுற்றி நூல்நூலாகக் கூர்ந்த கைகள். அழகாகத்தான் இருக்கும். கல்லை விற்கிறவர்கள், பூ ஒன்று இலவசம் என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுப்பார்களாம். “ஃப்ரீயாம். கூடையில பாம்பப் போட்டுத் தந்துட்டும் ஃப்ரீம்பானுவ” என்கிறார் இர்ஷாதா. ஆறு மாதத்தில் அது ஐம்பதாகும். அந்தக் கைகள் பட்ட இடமெல்லாம் சுடும். வளர்க்க விரும்பியவை சுருங்கும், வேண்டாதது பரவும்.

அதை அடையாளம் காண அவர் வைத்திருப்பது ஒரு பேனா மூடிதான். அதன் நிழலைக் கண்ணாடிக்கு வெளியே மெல்ல நகர்த்துகிறார். நிழல் பட்டதும் இமைப்பொழுதில் துளைக்குள் மறைந்தால் இதுதான். பச்சை நிறத்தில் குட்டையாக, கைநுனியில் மொட்டுப்போல் உருண்டு, கூட்டமாக நின்று, நிழலுக்கு அசையாமல் இருந்தால் அது இன்னொரு வகை, அதுவும் களைதான். மூன்றாவதாக ஒன்றும் மறையும்: குழாய்ப் புழு. அதற்கு ஒற்றைத் தலையில் இறகு விசிறி இருக்கும். தண்டுக்குப் பதிலாகத் தாள் சுருட்டியதுபோல் ஒரு குழாய். அது தண்ணீரைச் சலித்துத் தின்னும் சாது. கருங்கல் ஊர்ப்பக்கம் ஒருவர், எல்லாம் ஒன்றுதான் என்று அந்தப் புழுக்களுக்கு வெந்நீர் ஊற்றினார். இர்ஷாதா மூன்று மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. “கண்ணு இருந்தும் பாக்காதவனுக்கு எதுக்குத் தொட்டி? டிவி வாங்கி வச்சிருக்கலாமே.”

இந்த வேலை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. கணவர் அமீன் ஷார்ஜாவில் இருக்கிறார். ஏழு வருடத்துக்கு முன் நாற்பது நாள் விடுமுறையில் வந்து வீட்டில் ஒரு தொட்டியை அமைத்தார். “பாத்துக்கோ” என்ற ஒரே சொல்லோடு விமானம் ஏறிவிட்டார். அந்தத் தொட்டியில் இதுபோல ஒன்று முளைத்தது. இர்ஷாதா அதைக் கிள்ளி எடுத்தார். கிள்ளிய இடத்தில் நாலு வந்தது. அதையும் கிள்ளினார். ஒரு வருடத்துக்குள் அதைத் தவிர வேறு எதுவும் அதில் உயிரோடு இல்லை. பாத்துக்கோ என்ற சொல்லை இன்றைக்கும் அமீன் ஃபோனில் பயன்படுத்த முடியாது.

காலியான தொட்டியை இர்ஷாதா விற்றுவிட்டார். ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் கடுகளவு இறால் துணுக்கு கொடுக்கிறார். எலுமிச்சைச் சாறு, வினிகர், உப்புக் கரைசல் எல்லாவற்றையும் அதன் குட்டிகள்மேல் சோதித்துப் பார்த்தார். “இவன அறியாம இவனக் கொல்ல ஒக்காது” என்பார். பாட்டிலைக் கழுவ எடுக்கும்போதெல்லாம் அதைத் திட்டுகிறார். அதைக் கொட்டியதில்லை.

கடைசியில் அது அடங்கியது சுண்ணாம்புக்குத்தான். சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த கல்லாகவே வாங்கி, தானே நீர் தெளித்துப் பூக்கவைத்து, மெல்லிய துணியில் இருமுறை சலித்து, சுத்தமான நீரில் தயிர் பதத்துக்குக் குழைக்கிறார். தனியார் கிளினிக் ஒன்றில் பதினொரு வருடம் ஊசி போட்ட கை. முனை மழுக்கிய ஊசியை அனிமோனின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய், அது மறைவதற்குள் ஒரு சொட்டு. அது இரை என்று நினைத்து விழுங்கும். அதன்மேல் வெள்ளையாக ஒரு மூடி. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் போடமாட்டார். சுண்ணாம்பு கூடினால் தண்ணீரின் காரம் ஏறி மீனும் சாகும். அவசரப்படுகிற வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவர் குரல் இப்படிக் கடுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.

போன வருடம் அந்தக் குரல் அதிகம் கேட்டது முட்டத்தில், கபிரியேல் வீட்டில்.

கபிரியேல் முப்பத்திரண்டு வருடம் சிப்பி குத்தியவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு கையால் பாறையைப் பற்றி, மறுகையால் உளியைச் சிப்பியின் அடியில் கொடுத்து நெம்புகிற தொழில். செவிப்பறை கிழிந்து, இனி தண்ணீருக்குள் தலை போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதருக்கு, குவைத்திலிருந்து வந்த மகன் லிஜின் தாழ்வான மேசைமேல் நாலடித் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தான். நடுவில் ஒரு பாறை. பாறைமேல் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு கடல் சாமந்தி, ஆசைப்பட்டு வளர்க்கும் பெரிய அனிமோன். அதன் கைகளுக்குள் ஒரு ஜோடி கோமாளி மீன். காலையில் எழுந்ததும் கபிரியேல் முதலில் விழிப்பது அந்தச் சாமந்தியின் முகத்தில்தான் என்று மனைவி ஞானசெல்வி சொல்கிறார்.

ஜூனில் இர்ஷாதா முதல் தடவை போனபோது அந்தப் பாறையில் மூன்று களைகள் இருந்தன. இரண்டுக்கு ஊசி போட்டார். மூன்றாவது பிளவுக்குள் இறங்கி வெளியே வரவேயில்லை. அடுத்த வாரம் வருகிறேன், அதுவரை யாரும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கபிரியேல் ஐந்து நாள் பொறுத்தார். பாறையில் ஒன்று ஒட்டியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அந்தக் கைக்கு யோசிக்காமலே தெரியும். ஆறாம் நாள் பழைய உளியை எடுத்து நெம்பினார். களை இருந்த தடயம் தெரியாமல் சுரண்டிவிட்டு, ஞானசெல்வியைக் கூப்பிட்டுக் காட்டினார். சரியாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று இர்ஷாதாவுக்கு ஃபோன் போனது. உளியில் நைந்து சிதறிய துணுக்குகளை, தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் தொட்டியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒவ்வொரு துணுக்கும் ஓர் உயிராக எழுந்தது.

ஆகஸ்டில் ஞானசெல்விதான் திரும்ப அழைத்தார். இர்ஷாதா எண்ணினார். நூற்று நாற்பது. பெரிய சாமந்தியின் ஓரம் சுடுபட்டுச் சுருளத் தொடங்கியிருந்தது. மேலும் சுட்டால் அது அடியைக் கழற்றிக்கொண்டு இடம் தேடி நகரும். நகர்ந்தால் மோட்டார் வாயில் போய்ச் சிக்கும். அது அரைபட்டால் தொட்டித் தண்ணீர் முழுக்க நஞ்சு. மறுநாள் அந்த மீன் ஜோடியும் இருக்காது.

“அண்ணே, இதுல இரும்பு வச்சியளா?”

“நான் ஒண்ணும் தொடல்ல.”

கைவிளக்கின் ஒளியில் பாறைமேல் வெள்ளையாக மூன்று கீறல் தெரிந்தது. “அப்போ இந்தக் கோடு போட்டது யாரு? மீனா?”

ஞானசெல்வி அடுப்படியிலிருந்தபடியே சொல்லிவிட்டார்: “குத்தினாரு. உளிய கக்கூசு பரணுல ஒளிச்சு வச்சிருக்காரு.”

கபிரியேல் இர்ஷாதாவைப் பார்த்துச் சீறினார். “ஏட்டி, முப்பத்திரெண்டு வருசம் கடலுக்கடியில குத்தினவன் நான். நீ ஒரு ஊசியும் கொண்டுவந்து எனக்குப் பாறைய படிப்பிக்கியா?”

“படிப்பிப்பேன். கடல்ல நெம்பினா மிச்சத்த அலை கொண்டுபோவும். இந்த நாலடிக்குள்ள அது எங்க போவும்? சுத்திச் சுத்தி இந்தப் பாறைக்கேதான் வரும். ஒண்ணு கெடந்தத நூத்தி நாப்பதாக்கி வச்சிருக்கிய. நீங்க மீன வளக்கியளா, இந்தச் சவத்த வளக்கியளா?”

வேண்டாமென்றால் போ என்றார் கபிரியேல். இர்ஷாதா ஸ்டூலை எடுத்தார். வெளியே போய் ஸ்கூட்டியில் கட்டினார். வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் அடங்கியது. ஸ்டூலோடு திரும்பி உள்ளே வந்து ஞானசெல்வியிடம் மட்டும் பேசினார். “மைனி, நான் வேலை செய்யும்போ இவரு இந்த ரூமுல நிக்கப்பிடாது. அப்படின்னா வாறேன்.”

வாரம் இரண்டு தடவை, தடவைக்குப் பத்து. அந்த நேரங்களில் கபிரியேல் முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். இர்ஷாதா வெளியே வரும்போது, எத்தனை மிச்சம் என்று மனைவியிடம் கேட்பார். கபிரியேல் மூன்றடி தூரத்தில் இருக்க, இர்ஷாதாவும் மனைவியிடமே பதில் சொல்வார். “நூத்திப் பத்து மைனி.” “அறுவது மைனி.” ஏழு வாரம் இந்த இருவரும் ஒரு சொல் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. உளியைத் தூர எறியச் சொல் என்று இர்ஷாதா ஒருமுறை சொல்லியனுப்பினார். அதை எறிந்தால் என்னையும் சேர்த்து எறி என்று பதில் வந்தது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. பெரிய சாமந்தியின் அடியில், அதன் பாவாடை மடிப்புக்குள். மடிப்பை ஒதுக்கிப் பிடிக்காமல் ஊசி போகாது. ஒதுக்கிய இடத்தில் தடுப்பு இல்லாவிட்டால் சுண்ணாம்பு பட்டுச் சாமந்தி வெந்துபோகும். இர்ஷாதா ஒரு கையால் தடுப்பும் மறுகையால் ஊசியுமாக மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் அது உள்ளே ஒளிந்துகொண்டது. ஞானசெல்வி கையை விட்டுப் பார்த்தார். கை நுழைந்ததும் தண்ணீர் அலைந்தது, சாமந்தியே சுருங்கிவிட்டது. அது மறுபடி விரியும்வரை முக்கால் மணி நேரம் இர்ஷாதா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மைனி, அவரக் கூப்பிடுங்க.”

கபிரியேல் வந்து நின்றார். இர்ஷாதா நிமிர்ந்து பார்க்கவில்லை. “கையில சோப்பு உண்டா? எண்ணெ?” இல்லை என்றார். “போயி வெறும் தண்ணியில கழுவிட்டு வாங்க.” கழுவிவிட்டு வந்தார். பாட்டிலை நீளவாக்கில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டை இர்ஷாதா நீட்டினார். “குத்தப்பிடாது. நெம்பப்பிடாது. மடக்கிப் பிடிச்சிட்டு சும்மா நிக்கணும். ஒக்குமா?”

“ஒக்கும்.”

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர் கையை இறக்கினார். தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு வளையம்கூட எழவில்லை. மீன்கள் விலகவில்லை, பெண் மீன் வந்து மணிக்கட்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. பிளாஸ்டிக் துண்டு மடிப்புக்கடியில் நுழைந்து, அதை ஒரு விரல் அகலம் உயர்த்தி நின்றது. உள்ளே அந்தப் பழுப்புத் தண்டு எதையும் அறியாமல் கைகளை விரித்திருந்தது. இர்ஷாதா ஊசியை இறக்கினார். ஒரு சொட்டு. விழுங்கியது. இன்னும் இரண்டு சொட்டு. வெள்ளை மூடிக்கொண்டது.

ஊசியை வெளியே எடுத்தபிறகுதான் கபிரியேலின் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்திருப்பதைக் கவனித்தார். கை இறங்கிய நேரத்திலிருந்து அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு விடுங்க. தண்ணிக்குள்ள கையிதான் இருக்கு, தலை இல்ல.” குரலில் கோபம் குறையவில்லை. “சுண்ணாம்பு இறுக இன்னும் கால்மணிக்கூறு ஆவும். அதுக்கு முன்ன கைய எடுத்தியன்னா ஏழு வாரமும் வீணு.”

கபிரியேல் மூச்சை விட்டார். அறுபத்து நாலு வயது. தாழ்வான தொட்டிமேல் வளைந்து நின்றதில் சிறிது நேரத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. தண்ணீருக்குள் இருந்த கை மட்டும் பாறையோடு பாறையாக இருந்தது.

இர்ஷாதா எழுந்தார். பார்வையை அந்த வெள்ளைப் புள்ளியிலிருந்து எடுக்காமலே, நீல ஸ்டூலைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளி, கபிரியேலின் முழங்கால் மடிப்பில் இடிக்கும்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.