காரில் காய்ந்த மோர்மிளகாய்

லண்டனுக்குக் குடிபெயர்வதா இல்லையா என்று எங்கள் வீட்டில் நடந்த பெரிய வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு பை மிளகாய் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அந்த மிளகாய்க்கு ஒரு வாரம் காவலிருந்தவள் நான். சிரிக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெர்மனியில் ஹனோவருக்கு வடக்கே, மலை என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒரு தட்டை நிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தின் பழைய வீட்டில் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல். வயலுக்கு அப்பால் காற்றாலைகள். அதற்கும் அப்பால் வானம். காற்று மட்டும் ஒருநாளும் லீவு எடுக்காது. சைக்கிளில் போகும்போதும் முகத்தில் அடிக்கும், திரும்பி வரும்போதும் முகத்தில் அடிக்கும். அது எப்படி என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

மே மாதக் கடைசியில் மாமி லண்டனிலிருந்து ஒரு வார லீவில் வந்தார். மாமி என்றால் அப்பாவின் மூத்த அக்கா. வந்த அன்றே, காலணியைக் கழற்ற முன்னமே, எங்களைக் கையோடு கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். லண்டனில் கோயில் இருக்கிறது, தமிழ்க்கடை இருக்கிறது, சொந்தக்காரர் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மாமி வீட்டு மேல்மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அப்பா தன் அக்காவுக்கு ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ போக விருப்பமே இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதியோடு அடுத்த வகுப்பிலும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதாகச் சத்தியம் செய்திருந்தேன். என் சைக்கிள் விமானத்தில் வராது என்றும் மாமி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். மாமி யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

“உதென்ன நாடடி? ஒரு வெயிலுண்டோ, வாசலுண்டோ?”

“வெயில் இருக்கு மச்சாள்” என்றார் அம்மா.

“உந்த வெயிலிலை ஒரு மிளகாய் காயுமே?”

“காயும். நீங்கள் போறதுக்கிடையிலை மோர்மிளகாய் போட்டுப் பொரிச்சுத் தாறன், பாருங்கோ.”

அப்பாவுக்கு அது கடவுள் காட்டிய வழியாகப் பட்டிருக்கவேண்டும். இரண்டு பெண்களுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் வேலை தன் தலையிலிருந்து இறங்கிவிட்டதல்லவா! உடனே கையைத் தட்டி, “சரி, மிளகாய் காய்ஞ்சால் இருப்பம், காயாட்டிப் போவம்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் மாமி சிரிக்கவில்லை, அம்மாவும் சிரிக்கவில்லை. அந்த நிமிடமே அது சட்டமாகிவிட்டது.

துருக்கிக் கடையில் நல்ல சதைப்பிடிப்பான பச்சை மிளகாய் வாங்கி, ஒவ்வொன்றையும் கீறி, உப்புக் கலந்த மோரில் ஊறப்போட்டார் அம்மா. மோருக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. சுப்பர்மார்க்கெட்டில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருப்பார்கள். பஞ்சம் வெயிலுக்குத்தான். வானிலை அறிக்கையில் வந்த மனிதர் வாரம் முழுவதும் இதமாக இருக்கும், இருபது பாகைக்குக் கிட்ட, வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் என்று ஏதோ பரிசு விழுந்தவர்போலச் சொன்னார். வீட்டுக்காரிக்கும் அதே சந்தோஷம். மே நடுவில் கடைசிக் குளிரைக் கொண்டுவருகிற குளிர்ச் சாமிகள் எல்லாம் போய்விட்டார்கள், இனித் தக்காளிக் கன்றை வெளியே நடலாம் என்று வேலிக்கு மேலால் அம்மாவிடம் சொன்னார். தக்காளிக்கு இதம் போதும். மோர்மிளகாய்க்கு இதத்தை வைத்து என்ன செய்வது? அதற்குக் கொதிக்க வேண்டும்.

முதல் நாள் மிளகாயைக் கேக் சுடும் தட்டுகளில் பரப்பி முற்றத்து மேசையில் வைத்தோம். காற்று ஒரு தட்டைக் கவிழ்த்தது. மற்றத் தட்டுகளில் பூந்தூள் மஞ்சளாகப் படிந்தது. மேகம் வருவதும் போவதுமாக எங்களோடு ஒளித்துப் பிடித்து விளையாடியது. பின்னேரம் எடுத்துப் பார்த்தால் மிளகாய் அழுது முடித்த பிள்ளையின் கன்னம்போல் நைந்து கிடந்தது. மேகத்தை நொந்துகொண்டார் அம்மா. மாமி யன்னலில் நின்று, “ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்” என்றார். மாமியின் வாய்க்கு வரி போட்டிருந்தால் பிரித்தானிய அரசாங்கம் பணத்தில் புரண்டிருக்கும்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து அழுதேன். லண்டனுக்காக அல்ல, சொக்லேட்டுக்காக. மாமி கொண்டுவந்த நல்ல சொக்லேட் ஒன்றை எங்கள் கறுப்புக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து மறந்துபோயிருந்தேன். அன்று அப்பா கூட வேலை செய்பவரின் காரில் போனதால், எங்கள் கார் காலையிலிருந்தே வெயிலில் நின்றிருந்தது. சொக்லேட் உருகிக் குழம்பாகி, இருக்கைவரை வழிந்திருந்தது. அம்மா ஏச வந்தவர், காருக்குள் தலையை விட்டதும் அப்படியே நின்றுவிட்டார். கையை நீட்டி அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். வெளியில் இதமான காற்று, உள்ளே அடுப்பங்கரை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“பிள்ளை, தட்டுகளைத் தூக்கு!”

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு, இருக்கைகளில் ஒவ்வொன்று, பின்கண்ணாடியடியில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் உள்ளே சோறு அவித்ததுபோல் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது. அம்மா கண்ணாடிகளை ஒரு விரல் அளவுக்கு இறக்கிவிட்டார். அவ்வளவுதான். லீவே எடுக்காத அந்தக் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு மறுபக்கத்தால் போயிற்று. அப்பா வேலையால் வந்ததும் கார் கைப்பற்றப்பட்ட செய்தி அவருக்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து அவர் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போனார், போகும்போதும் வரும்போதும் முகத்தில் காற்றோடு.

ஆனால் ஒரு சிக்கல். மத்தியானம் தாண்டினால் முற்றத்து லிண்டன் மரத்தின் நிழல் காரின் மேல் வந்து படுத்துவிடும். வெயில் தானியக் கொட்டகைப் பக்கம் போய்விடும். காரை அங்கே நகர்த்த வேண்டும். அப்பா வேலையில். அம்மாவுக்கோ கார் ஓடத் தெரியாது. முதல் நாள் வீட்டுக்காரி வந்து நகர்த்திக் கொடுத்தார். பெரிய உழவு இயந்திரத்தையே ஒற்றைக் கையால் திருப்பும் மனுஷி அவர். காருக்குள் ஏறியதும் மூக்கைச் சுளித்தார், ஆனாலும் காரை நகர்த்திவிட்டுத்தான் இறங்கினார். இரண்டாம் நாள் நான் போய்க் கதவைத் தட்டியபோது, கையெல்லாம் மண்ணோடு வந்தார். அம்மாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சாரதி ஆசனத்தைக் காட்டி, ஏறச் சொன்னார்.

“எனக்கு ஏலாது எண்டு சொல்லு பிள்ளை” என்றார் அம்மா.

நான் மொழிபெயர்த்தேன். இது தங்கள் சொந்த முற்றம், இங்கே பொலிஸ் வராது, இடித்தால் கொட்டகைதான் இடிபடும், அது எப்படியும் விழப்போகிற கொட்டகை என்றார் வீட்டுக்காரி. அதையும் மொழிபெயர்த்தேன். யன்னலைத் திறந்தார் மாமி.

“உவள் ஓடமாட்டாள். எத்தினை வருசமாத் தம்பி சொல்லுறான், ஸ்டியரிங்கைத் தொடவே பயம் அவளுக்கு.”

அம்மா யன்னலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிறவர்போல வெறுங்காலோடு காருக்குள் ஏறினார்.

அம்மம்மா, அந்த முதல் ஓட்டம்! கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடி துள்ளியது, மறுபடி நின்றது. பின்னிருக்கைத் தட்டுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என் மடியில் மிளகாய் மழை. கோழிகள் எல்லாம் கொட்டகைக்குள் ஓடின. வீட்டுக்காரி பக்கத்தில் நடந்தபடியே, காலை மெதுவாக எடு, மெதுவாக எடு என்றார். நான் பின்னாலிருந்து அதைத் தமிழில் கத்தினேன். கொட்டகைச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றபோது அம்மாவுக்கு முகமெல்லாம் வியர்வை. வெயில் முன்கண்ணாடியில் பளிச்சென்று விழுந்தது. வீட்டுக்காரி கையைத் தட்டினார். மாமி யன்னலைச் சாத்தினார்.

அதன் பிறகு தினமும் அதுதான். காலையில் முற்றத்தின் தெருப்பக்கம், மத்தியானம் கொட்டகைப் பக்கம். மேகம் வந்தால் மேகம் விலகுகிற பக்கம். அம்மா வானத்தைப் பார்ப்பார், கார்த் திறப்பைக் கையில் எடுப்பார், ஏறுவார். துள்ளல் குறைந்தது. பின்னுக்கு எடுக்கவும் பழகிவிட்டார். இரவில் மிளகாய் மறுபடி மோருக்குள் போகும், காலையில் மறுபடி காருக்குள் வரும். பச்சை வெளுத்து, வெள்ளை சுருங்கி, கடைசியில் தட்டை ஆட்டினால் சலங்கைபோலச் சத்தம் கேட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தின்போதும் யன்னலால் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் என்ன விஷயம் என்று கேட்டார். மிளகாய் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், மாமி புறப்படுவதற்கு முதல் நாள், தீர்ப்பு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ரசம். அம்மா எண்ணெயைக் காயவைத்து மிளகாயைப் போட்டார். அது உப்பிக் கறுத்து எழும்பியது. அந்த வாசத்துக்கு வீட்டுக்காரி தன் பக்கத்து யன்னல்களை எல்லாம் படபடவென்று சாத்துவது கேட்டது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. எல்லோரும் மாமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி ஒன்றை எடுத்து, காம்பைப் பிடித்து, ஒளியில் திருப்பிப் பார்த்து, கடித்தார்.

கறுக்!

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாமி மென்றார், விழுங்கினார். மற்றொன்றை எடுத்தார்.

“உப்புக் கொஞ்சம் கூட” என்றார்.

போதாதா? அப்பா அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். “அப்ப இருப்பம் அக்கா” என்றார். அக்காவிடம் அவர் வாயிலிருந்து ‘ஓம்’ இல்லாமல் புறப்பட்ட முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நான் கை கழுவாமலே சைக்கிளில் ஏறிச் சிநேகிதி வீட்டுக்குப் பறந்தேன். நாங்கள் போகவில்லை, மிளகாய் காய்ந்துவிட்டது என்று ஜெர்மன் மொழியில் கத்தினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து குதித்தாள். திரும்பி வந்தபோது மாமி ஒரு பெரிய போத்தலில் மிளகாயை அடைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் மோர்மிளகாய் வாங்கலாமே என்று அப்பா கேட்டார். “வாங்கலாம்தான், ஆனா உதுமாதிரி இராது” என்றார் மாமி, தலை நிமிராமல். அப்படியொரு வெற்றியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பின்னேரம் கார் வெறுமையாக மரநிழலில் நின்றது. தட்டுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அப்போது அம்மா திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏறினார். கார் ஒரு துள்ளலும் இல்லாமல் புறப்பட்டு முற்றத்தைச் சுற்றி வந்தது. கொட்டகையைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, யன்னலடியில் நின்ற மாமியையும் தாண்டி, இன்னொரு சுற்று. கண்ணாடிகளை முழுக்க இறக்கியிருந்தார். காற்றில் அவருடைய தலைமயிர் கலைந்து பறந்தது. முகத்தில் நான் பார்த்திராத ஒரு சந்தோஷம். எனக்கு ஒரே குழப்பம். பின்னாலேயே ஓடினேன்.

“மிளகாய்தான் காய்ஞ்சுபோச்சே அம்மா! பிறகேன் காரை எடுக்கிறியள்?”

“சும்மா” என்றார் அம்மா. கதவைத் திறந்துவிட்டு என்னையும் ஏறச் சொன்னார்.

நான் ஏறினேன். பாவம் அம்மா, ஒரு வாரமாக வெயிலின் பின்னால் ஓடி ஓடி, வேலை முடிந்ததுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.