முட்டைக்கு மட்டும் தடை

பொள்ளாச்சியில் நண்பர் ரங்கசாமியின் தோப்பு வீடு. கப்பல் வேலையில் கற்ற கிரீம் விஸ்கியை அவருக்குச் செய்துகாட்டுகிறேன். டின் பால், பாலேடு, காப்பித்தூள், அவர் வாங்கிவைத்த விஸ்கி எல்லாம் மிக்ஸியில் சேர்த்தாயிற்று. கெட்டிப்பட, பையிலிருந்து முட்டையை எடுக்கிறேன். பதறிப்போய்க் கையைப் பிடிக்கிறார்.

“ஏனுங்க, புரட்டாசி சனிக்கிழமைங்க! ஊட்டுக்குள்ள முட்டையைக் கொண்டாரலாமுங்களா?”

“விஸ்கி மட்டும் வரலாமோ?”

“அது பார்லியில செய்யறதுங்க. சுத்த சைவமுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரோ முட்டையைக் காகிதத்தால் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, என்னைக் கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறார். கழுவிவிட்டுத் திரும்பினால், மீதி விஸ்கி பாட்டில் துளசி மாலை போட்ட பெருமாள் படத்துக்குக் கீழே பத்திரமாக நிற்கிறது.