பல் முளைத்த நரி

பொம்மைக் கம்பெனியின் லாரி வாசல் வழியாக வெளியேறி, வரதய்யபாளையம் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் விரல் நீள நரிப் பொம்மை ஒன்று. அதன் காலில் சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது. வால் ஒவ்வோர் எட்டுக்கும் மார்பில் இடித்தது. பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று முதுகெல்லாம் காதாக நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி கிளீனர், ஓட்டல் என்று எத்தனையோ வேலைகளை விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கப் பயந்து நடந்தது அன்றுதான்.

அந்த நரி எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் கார்ட்டூன். எங்கள் ஊரான பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். நரிக்கு முன்பல் ஒன்று கிடையாது. அந்தச் சந்து வழியாக விசிலடித்துத்தான் கூட்டாளிகளைக் கூப்பிடும். இத்தனை வருஷம் கழித்து அதைப் புதிதாகச் சினிமா எடுத்தார்கள். பொம்மை விற்பதற்காகத்தான் படமே என்று கம்பெனியில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள். படம் முடியும் முன்பே பொம்மைக்கு அச்சு வந்துவிட்டது. அதில் நரிக்குப் பல்வரிசை முழுதாக இருந்தது.

நாங்கள் பெயிண்ட் அடிக்கும் பிரிவு. மேற்பார்வை நகரி ஊர்க்கார அம்மாள் ஒருவர். லைன் அக்கா என்போம். அவர் வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்தில் கார்ட்டூனின் பேச்சு எதுவும் கேட்காது, நரியின் விசில் மட்டும்தான் கேட்கும் என்று சொல்வார். எட்டு வருஷ ஒப்பந்த வேலைக்குப் பிறகு, அந்த மாதம்தான் நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"பல்லு மொளச்சிட்டா எப்டிக்கா விசில் அடிக்கும்?" என்று கேட்டேன்.

"அத்த நரியாண்ட கேளு. நீ வாய மூடிக்கினு பல்லுக்கு வெள்ளை அடி, ஊர்சுத்தி."

லைனின் முன்னால் ஒரு ஸ்டாண்ட் உண்டு. மேலிடம் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு பொம்மை சிவப்புச் சீட்டுடன் அதில் நிற்கும். ஸ்டாண்டில் எது நிற்கிறதோ அதைப் போலவே அடிக்க வேண்டும்; கேள்வி கேட்கக் கூடாது. அன்று சாப்பாட்டு வேளையில், அக்காவைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு நரியின் முன்பல்லில் கறுப்பு வைத்து ஸ்டாண்டில் நிறுத்தினேன். சீட்டுப் பொம்மையை என் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, இதாம்பா எங்க வூட்டு டிவி நரி! சீக்கிரம் மாத்திடு, மேனேஜர் வந்துரப் போறாரு."

மாற்றுவதற்குள் லாரியில் பெட்டி ஏற்ற ஆள் வேண்டுமென்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்காவை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது, சாப்பிட்டு வந்த பெண்கள் ஸ்டாண்டைப் பார்த்துப் பார்த்து அடித்த நரிகள் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் முன்பல் இல்லை. ஒன்றை எடுத்து மேலே வெள்ளை பூசிப் பார்த்தேன். சாம்பலாகத்தான் பிடித்தது. அந்த வாரம் படம் வெளிவருகிறது; அன்று சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும். யாரிடமும் சொல்லாமல் தூரிகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

மேனேஜர் வந்தார். "ஸ்டாண்ட்லோ இதி எவரு பெட்டாரு? சாம்பிள் எக்கட?" இதை வைத்தது யார், அசல் எங்கே என்று தெலுங்கில் கத்தினார். என் பையிலிருந்து வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லைன் அக்கா அதைப் பார்த்துவிட்டார். வாலிலிருந்து என் முகத்துக்குக் கண்ணை உயர்த்தி, கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். நான் கையைத் தூக்கிப் பையை மூடிக்கொண்டேன்.

"நான்தான் சார் வெச்சேன்," என்றார். "ஏதோ சின்ன வயசு ஞாபகம். சாம்பிள் எங்கியோ வுழுந்துடிச்சி."

பட்டியலில் இருந்த அவர் பெயரை அங்கேயே அடித்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேஜையைக் கடந்தபோது அக்கா நின்றார். பெட்டி ஏற்றப் போனதில் நான் சாப்பிடாதது அவருக்குத் தெரியும்.

"துன்னியாபா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் வேலை தேடி ரயிலில் நகரியைக் கடக்கிறேன். வண்டி நிற்கும். தறிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பேன். ஒரு முறையும் இறங்கியதில்லை. நரி என்னிடம்தான் இருக்கிறது. சீட்டின் சிவப்பு வெளுத்துவிட்டது. பல் மட்டும் வெள்ளை மாறவில்லை.

அன்று கம்பெனியை விட்டு வெளியேறியவன் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் காலை ஒரு தியேட்டர் வாசலில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நரி வேஷம் போட்டு நின்று, குழந்தைகளைப் பொம்மைக் கடைப் பக்கம் திருப்ப வேண்டும்.

"விசில் அடிக்கத் தெரியுமாபா?" என்று நரித் தலையை நீட்டியபடி ஒருவர் கேட்டார். "போஸ்டரப் பாத்துட்டுப் பெரியவங்கதான் கேக்கறாங்க. பசங்களுக்கு ஒண்ணும் தெரில."

தெரியும் என்றேன். பல்வரிசை முழுதாக இருந்த அந்தத் தலைக்குள் என் தலையை நுழைத்தேன். சட்டைப் பையில் வால் இடித்தது. முந்தின நாள் திறக்காத வாயைக் குவித்து விசிலடித்தேன்.