பின் சீட்டில் இருந்த மண் பை

கொரோனா வருவதற்கு முந்தைய குளிர்காலம். பர்மாவில், நம்மவர்கள் ரங்கூன் என்று சொல்லும் யாங்கோனில் சொந்தக் கார் வைத்துக்கொண்டு, ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு தாமுவேயில். என் கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். தமிழ்நாட்டை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் சாங்கியம், தீட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு குறையும் வைத்ததில்லை. அந்த வீராப்புதான் என்னை மாட்டிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் ஏற்றிக்கொண்டவர் எண்பதைத் தாண்டிய பெரியவர். கூட யாரும் இல்லை. கையில் ஊன்றுகோல், உச்சந்தலையில் ஒட்டினாற்போல ஒரு சின்னத் தொப்பி. யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். வண்டி லான்மடா பகுதியைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, "இங்கேதான் எங்கோ எங்கள் வீடு இருந்தது. நான் பிறந்தது இந்த ஊரில்தான்" என்றார். போர்க்காலத்தில் அவருக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மா இறந்துபோனாராம். அந்த அம்மாவின் கல்லறையைத் தேடித்தான் வந்திருந்தார்.

நான் கல்லறைத் தோட்டங்களுக்குள் போகிற ஆள் இல்லை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றேன். உள்ளே செடியும் கொடியும் மண்டிக் கிடந்தன. காவல்காரர் அரிவாளால் வெட்டி வழிவிட, பெரியவர் ஒவ்வொரு கல்லாகக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெயில் சாயும் நேரத்தில் ஒரு கல்லின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். குனிந்து தரையில் என்னவோ செய்தார். பிறகு சூரியனை நிமிர்ந்து பார்த்தார், பையைச் சுருக்கிக் கட்டினார், எழுந்து வந்துவிட்டார்.

திரும்பும்போது ஒரே அவசரம். சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடுமாம். மறுநாள் இருட்டும்வரை வண்டி ஏற மாட்டார், போனைத் தொட மாட்டார். ஞாயிறு காலை வரச் சொன்னார். அன்று மாலையே அவருக்கு விமானம். ஹோட்டல் வாசலில் இறங்கி, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை வண்டி கழுவும்போதுதான் பின் சீட்டில் அந்தப் பை கிடந்ததைப் பார்த்தேன். அவிழ்த்தால், மண். இரண்டு கைப்பிடி இருக்கும். வெளுத்துப்போய், இடையிடையே சுண்ணாம்புக்கல் மாதிரிப் பொடிக்கற்கள். அம்மாவின் கல்லறையிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கண்ணால் பார்த்தேனே, குனிந்து என்னவோ செய்தாரே.

என் மனைவி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது, கல்லற மண்ணா? முருகன் படம் இருக்கற வண்டிலயா வச்சிருந்தீங்க? நாளைக்கு அதே வண்டில பிள்ளய ஏத்தணும்ல. மொதல்ல அத எங்கனயாவது போட்டுட்டு வாங்க."

அவள் சொல்லித்தான் செய்தேன் என்று பழி போட மாட்டேன். எனக்கும் அதே எண்ணம்தான். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றாலும் அவர் போன் எடுக்க மாட்டார். எடுக்க மாட்டார் என்பதில் எனக்குள்ளே ஒரு சௌகரியமும் இருந்தது. மறந்து விட்டுப்போனவர், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். குப்பையில் கொட்ட மட்டும் மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் ஒரு தாயைப் புதைத்த மண். தெருமுனை ஆலமரத்தடியில் கொட்டிவிட்டு, பையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டேன். வண்டிக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பெரிய காரியம் செய்து முடித்த திருப்தியில் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஹோட்டலுக்குப் போனால் பெரியவர் சலவை செய்த வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பை உங்கள் வண்டியில்தானே இருக்கிறது? நேற்றெல்லாம் அதே நினைப்பு. உங்களிடம் இருக்கும் என்ற தைரியத்தில்தான் தூங்கினேன்."

அப்போதுதான் அது என்ன மண் என்று சொன்னார். வெளிநாட்டில் சாகும் யூதர்களின் தலைக்கடியில் ஜெருசலேம் மண்ணை ஒரு பிடி வைத்துப் புதைப்பது அவர்கள் வழக்கமாம். எந்த ஊரில் படுத்தாலும் தன் மண்ணில் படுத்ததாக ஆகிவிடுமாம். அவர் அம்மா இறந்தபோது ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த மண்ணைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வெறுமனே புதைத்துவிட்டு, நாலு வயது மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா இந்தியாவுக்கு நடந்திருக்கிறார். "உன் அம்மாவை வெறும் தலையோடு அனுப்பிவிட்டேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நான் பெரிய பக்திமான் இல்லை. பிரார்த்தனையில் ஜெருசலேம் என்று தினமும் வாய் சொல்லும், மனசில் ஒன்றும் இருக்காது. போன மாதம்தான் முதல் தடவையாகப் போனேன். ஒரு மலைச்சரிவில் ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்து, ஹோட்டலில் எடுத்த டீஸ்பூனால் தோண்டினேன். ஸ்பூன் மண்ணுக்குள் இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது என் ஊர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது."

வெள்ளிக்கிழமையே ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"பையை அவிழ்த்தேன். சூரியன் இறங்கிவிட்டது. அம்மாவை அவசரத்தில் புதைத்தோம். இதையுமா அவசரத்தில் செய்வது என்று திரும்ப முடிச்சுப் போட்டுவிட்டேன்."

காசிக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்து மணலைக் கட்டி எடுத்துப் போவார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஒருத்தர் மண்ணைத் துணியில் முடிந்து எடுத்து வருகிறார் என்றால் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பத்திரமாக வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஆலமரத்தடிக்கு வந்து பார்த்தால் தரை பளிச்சென்று இருந்தது. யாரோ நன்றாகக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினேன். எங்கும் ஊர்ச் செம்மண்தான். கொடியிலிருந்து எடுத்து வந்த காலிப் பை சட்டைப்பையில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தச் செம்மண்ணையே இரண்டு பிடி அள்ளிப் பைக்குள் போட்டேன். மண்தானே, அந்த வயசான கண்ணுக்கு நிறமா தெரியப்போகிறது? கயிற்றைச் சுருக்கிக்கூடக் கட்டிவிட்டேன். ஆனால் 'வெறும் தலையோடு' என்ற அந்த வார்த்தை காதை விட்டுப் போகவே இல்லை. மறுபடி அவிழ்த்துக் கொட்டிவிட்டேன்.

மரத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பர்மியப் பெண்மணி ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பர்மிய மொழியில் அக்காவை அழைப்பதுபோல் அவரை அமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் அகோ, அண்ணன்.

"என்னா அகோ தேடுறீங்க? காசு விழுந்திருச்சா?"

"இல்ல அமா. நேத்து இங்க வெள்ளையா கொஞ்சம் மண்ணு கொட்டுனேன்."

"அது நீங்கதானா? யாரோ வேண்டுதலுக்குக் கொண்டாந்து வச்சிருக்காங்கன்னுல்ல நெனச்சேன். சுத்தமான மண்ணு, காலுல மிதிபடக் கூடாதுன்னு அள்ளி அங்க வச்சிட்டேன்."

மரத்தில் அறைந்திருந்த சின்ன மரக்கூட்டைக் காட்டினார். மரத்துக் காவல் தெய்வத்துக்கு அந்தத் தெருக்காரர்கள் கட்டிய கோயில் அது. உள்ளே ஒரு பால் டின். அதில் வெளுத்த மண்ணும் பொடிக்கற்களும் அப்படியே இருந்தன, நடுவில் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். அமா பயந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தெய்வத்தின் முன் கைகூப்பி நின்று, வாய்க்குள் என்னவோ சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு டின்னை இறக்கினார். மண்ணை என் பைக்குள் கொட்டிவிட்டு, "சாமிக்கு டின்னு காலியா இருக்கக் கூடாது அகோ" என்றார். நான் கொட்டிவைத்திருந்த செம்மண்ணையே அள்ளி அதில் நிரப்பி, மூன்று ஊதுபத்திகளையும் நானே திரும்ப நட்டேன்.

மண் கிடைத்துவிட்டது, இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று வழியெல்லாம் மனசு சொன்னது. ஆனால் பைக்குள் சாம்பல் இருக்கிறது, வாசனை இருக்கிறது. வேறொரு தெய்வத்தின் முன் வைத்த மண்ணை அவர்கள் ஏற்பார்களா என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாமல் அவர் அம்மாவின் தலைமாட்டில் அதைப் போட வைக்கக் கூடாது. ஹோட்டல் வரவேற்பறையில் அவர் எதிரில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கல்லறை மண் என்று நினைத்ததிலிருந்து செம்மண்ணை அள்ளிப் போட்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜையில் கைக்குட்டையை விரித்து மண்ணைக் கொட்டினார். ஊதுபத்திக் குச்சித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். ஒரு பொடிக்கல்லை எடுத்து முகர்ந்தார்.

"எங்கள் குருமாரிடம் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. அதனால் கேட்கப்போவதில்லை" என்றார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார். "என் அம்மா இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஊதுபத்தி வாசனை அவளுக்குப் புதிதில்லை."

அன்று முதல் முறையாக நான் அந்தக் கல்லறை வாசலைத் தாண்டி உள்ளே போனேன். அவர் கல்லின் முன்னால் நின்று, தன் மொழியில் அவசரமே இல்லாமல் பிரார்த்தனை சொன்னார். வெளுத்த மண்ணைத் தலைமாட்டில் தூவினார். கடைசிப் பிடியை என் உள்ளங்கையில் வைத்து என்னையும் தூவச் சொன்னார். பிறகு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, ஊர் வந்துவிட்டது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வரும்போது வாசல் குழாயில் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து என் கையில் ஊற்றினார். கல்லறையிலிருந்து திரும்பினால் கை கழுவாமல் போகக் கூடாதாம். எங்களுக்கும் அதேதான் என்றேன். விமான நிலையத்தில் இறங்கும்போது காலிப் பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அது இப்போதும் என் வண்டியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் மனைவியே ஊசி நூல் எடுத்து அதன் கிழிந்த ஓரத்தைத் தைத்துக் கொடுத்தாள். யாராவது பின் சீட்டில் எதையாவது விட்டுப்போனால், அது கசங்கிய காகிதமாகவே இருந்தாலும், உரியவரைக் கேட்காமல் அதை வெளியே போட இன்றுவரை எனக்குக் கை வருவதில்லை.